நீள மூக்குக் குண்டு உங்கள் ரைஃபிளில் சிதறுகிறதா? பவுடரை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

அமெரிக்காவில் வயோமிங், மொன்டானா பக்கம் எல்க் என்ற பெரிய மானும் மியூல் மானும் திறந்த வெளியில் நிற்கும், கிட்டே போக மறைவு கிடைக்காது, அதனால் 400, 500 கஜத்திலிருந்து சுட வேண்டி வரும். இதற்காகத்தான் பலர் பெர்கர் விஎல்டி, ஹார்னடி இஎல்டி-எக்ஸ், நோஸ்லர் அக்யூபாண்ட் லாங் ரேஞ்ச் மாதிரி நீளமான, கூர்மூக்குக் குண்டுகளை வாங்கி வீட்டிலேயே தோட்டா அடைக்கிறார்கள். பழைய குண்டுக்கு ஒத்துவந்த அதே நீளத்தில் அடைத்து 100 கஜத்தில் சுட்டால் தாளில் துளைகள் இரண்டு அங்குலத்துக்குச் சிதறும். உடனே பவுடரை மாற்றுவார்கள், அதற்குத் தீ மூட்டும் பிரைமரை மாற்றுவார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது குண்டு உறைக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான்.

அதற்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: உங்கள் குழலின் புரி, அதாவது உள்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம், இந்தக் குண்டைச் சரியாகச் சுழற்றுமா? 1925-இல் வந்த .270 வின்செஸ்டருக்கு வழக்கமான புரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது 130 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு) குண்டுகளை மனத்தில் வைத்துப் போட்டது. 2007-இல் வந்த 6.5 கிரீட்மூருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நீளமாக நீளமாக வேகமான புரி தேவை, எடையைவிட நீளம்தான் இங்கே கணக்கு. செம்புக் குண்டு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்கு இன்னும் நீளமாக இருக்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான் என்று ஆனபிறகு, பழைய ரைஃபிள் வைத்திருக்கும் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். குண்டு தயாரிப்பாளர் குறிப்பிடும் புரி அளவைப் பாருங்கள், குண்டு நிலையாகப் பறக்குமா என்று கணக்கிடும் மில்லர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் நிலைப்பு எண் 1.5-க்கு மேல் வர வேண்டும். குளிர்ந்த, தாழ்வான இடத்துக் காற்று அடர்த்தியானது, அங்கே இந்த எண் இறங்கும். புரி போதாது என்றால் எந்தப் பவுடரும் காப்பாற்றாது, குண்டை மாற்றுங்கள்.

புரி சரி என்றால், ஆழம். குண்டு உறையை விட்டுக் கிளம்பி, குழலில் புரி தொடங்கும் இடத்தைத் தொடும்வரை ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டுகிறது. விஎல்டி வகைக் குண்டுகளின் மூக்கு வளைவு உடலோடு ஒரு முனையாகச் சந்திப்பதால், அந்த இடைவெளி மாறினால் அவை மிகவும் கோபித்துக்கொள்ளும். இதை அளக்கத் தோட்டாவின் மொத்த நீளத்தை நம்பாதீர்கள், ஒரே பெட்டியில்கூட நுனிகள் ஒன்றுபோல் இருக்காது. கேலிப்பர் என்ற அளவுகோலில், குண்டின் வளைவில் பொருந்தும் துளையுள்ள கம்பாரேட்டரை மாட்டி, உறையின் அடியிலிருந்து மூக்கு வளையத் தொடங்கும் இடம்வரை அளந்துகொள்ளுங்கள்.

வேட்டைக்காரர்களுக்கு பெர்கர் நிறுவனம் சொல்லும் சோதனை எளிமையானது, எனக்குத் தெரிந்து இதைவிட வேகமாக வழிகாட்டுவது வேறில்லை. புரியிலிருந்து 0.010, 0.050, 0.090, 0.130 அங்குலம் என்று நான்கு இடைவெளிகளில், ஒவ்வொன்றுக்கும் ஆறு தோட்டா, மொத்தம் 24. பவுடர் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதுவும் தோட்டா அடைக்கும் கையேட்டின் தொடக்க அளவை ஒட்டி. ஒவ்வொரு ஆழத்துக்கும் மூன்று மூன்றாக இரண்டு முறை சுட்டால், ஏதோ ஓர் ஆழத்தில் துளைகள் மற்றவற்றைவிடத் தெளிவாக நெருங்கி நிற்கும், அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மாற்றம் செய்து பாருங்கள். பார்ன்ஸ் எல்ஆர்எக்ஸ் போன்ற செம்புக் குண்டுகளுக்கு 0.050-இலிருந்து தொடங்குவது நல்லது, அவை தாண்டுவதை விரும்புகின்றன. பல தொழிற்சாலை ரைஃபிள்களில் புரியை எட்டும் முன்பே மேகஸினின் நீளம் தடுத்துவிடும், அப்போது மேகஸினில் அடங்கும் மிக நீளமான அளவிலிருந்து உள்ளே போங்கள்.

போட்டிக்காரர்கள் சிலர் குண்டைப் புரிக்குள் அழுத்தியே வைப்பார்கள். வேட்டையில் அதைச் செய்யாதீர்கள். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே சிக்கிக்கொண்டு, பவுடர் முழுவதும் போல்ட் ஓடும் இடத்துக்குள் கொட்டும், மலை உச்சியில் அன்றைய வேட்டை அங்கேயே முடிந்தது. அழுத்தமும் ஏறும்.

பலர் கவனிக்காத ஒன்று, குண்டை உறைக்குள் இறக்கும் அச்சான சீட்டிங் டையின் உள்ளே இருந்து குண்டைத் தள்ளும் தண்டு, ஸ்டெம். சாதாரண ஸ்டெம்மின் குழி ஆழம் போதாது, கூர்மூக்குக் குண்டின் நுனி அதன் அடியில் முட்டும். அப்போது டை குண்டை வளைவில் பிடித்து அழுத்தாமல் நுனியில் அழுத்துகிறது, ஒவ்வொரு தோட்டாவின் ஆழமும் ஒவ்வொரு மாதிரி வரும், குண்டு கோணலாகவும் உட்காரும். பிளாஸ்டிக் நுனியில் தழும்பு தெரிந்தால் இதுதான் காரணம். விஎல்டி ஸ்டெம் தனியாகவே விற்கிறார்கள், விலை அதிகமில்லை.

உறைகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே தயாரிப்பு, ஒரே லாட், உறை கழுத்தை நோக்கிக் குறுகும் தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளுங்கள், கழுத்தின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள், போதும்.

இப்போது பவுடர். உங்கள் குண்டுக்கென்றே அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மட்டும் ஏறுங்கள். எடை ஒன்று என்பதால் வேறு குண்டின் அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது, குழலைத் தொடும் பரப்பு மாறினால் அழுத்தமும் மாறும். போல்ட் தூக்கக் கனமானால், பிரைமர் தட்டையானால், உறையின் அடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் பாகம்) தடம் விழுந்தால், அங்கேயே நிறுத்துங்கள், அந்த அளவுத் தோட்டாக்களைச் சுடாமல் பிரித்துவிடுங்கள். மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா. ஜூலை வெயிலில் கண்டுபிடித்த அளவு நவம்பர் பனியில் வேகம் குறையும், எச்4350, எச்1000 போன்ற, வெப்பநிலைக்கு அதிகம் அசையாத பவுடர்களை வேட்டைக்காரர்கள் விரும்புவது இதனால்தான். தோட்டாவுக்குத் தோட்டா வேகத்தில் நொடிக்கு 50 அடி வித்தியாசம் இருந்தால் 100 கஜத்தில் ஒன்றும் தெரியாது, 6.5 கிரீட்மூரில் 600 கஜத்துக்குப் போனால் மேலும் கீழுமாகச் சுமார் 4 அங்குலம் விலகும்.

மூன்று தோட்டாவில் விழுந்த அழகான முக்கோணத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ரைஃபிள் அரை அங்குலம் சுடுகிறது என்று நம்பாதீர்கள். அந்த ஆழச் சோதனை எந்தத் திசையில் போகலாம் என்று காட்டும், அவ்வளவுதான். தேர்ந்தெடுத்த அளவைப் பத்து தோட்டாவாவது சுட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும், குழலை நடுநடுவே ஆறவிட்டு. வேட்டையில் கணக்கு முதல் குண்டுதான், அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. அதனால் வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த குழலில், ஒரே தாளில் ஒவ்வொரு குண்டாகச் சுட்டுச் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் உண்மையான குறி. நன்றாகத் துடைத்த குழலின் முதல் குண்டு பெரும்பாலும் வேறு இடத்தில் விழும், சீசனுக்கு முன் துடைத்தால் சில தோட்டா சுட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

குறி சரியாக விழுந்தாலும் குண்டு விரிய வேண்டும். அக்யூபாண்ட் லாங் ரேஞ்ச் நொடிக்கு 1300 அடிவரை, இஎல்டி-எக்ஸ் 1600 வரை, பெர்கர் 1800 வரை விரியும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் ரைஃபிளில் நீங்களே அளந்த வேகத்தை வைத்து, எந்தத் தூரத்தில் அந்த எல்லைக்குக் கீழே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்பால் மிருகத்தைச் சுடாதீர்கள். காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும்.

கிளம்பும் முன் பவுடரும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாக்களை மேகஸினில் ஏற்றி, வேகமாகப் போல்ட்டை இழுத்து எல்லாம் சிக்காமல் ஏறுகிறதா பாருங்கள். அப்புறம் ரேஞ்சில், அளந்து வைத்த நிஜத் தோட்டா ஒன்றை மேகஸினின் அடியில் போட்டு, மேலே உள்ளவற்றைச் சுட்டுவிட்டு, அடித் தோட்டாவை எடுத்து மறுபடி கம்பாரேட்டரில் அளந்து பாருங்கள். உதைப்பில் நுனி மேகஸின் சுவரில் மோதி மோதிக் குண்டு உள்ளே போயிருந்தால், கழுத்தின் பிடி போதவில்லை, கழுத்தை இறுக்கும் டையில் ஒரு சைஸ் சிறிய புஷ்ஷிங் (வளையம்) போட்டு மறுபடி தொடங்க வேண்டும்.