லேடி மஸ்கிரேவ் தீவில் ஆமை பார்க்கப் போகிறீர்களா?
ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் உள்ள இந்தத் தீவில் கூடாரம் போட நினைக்கும் ஜோடிகளுக்கு: ஆமைகள் முட்டையிடுவதைப் பார்க்க நவம்பர், டிசம்பர்தான் தோது. ஜனவரி கடைசியில் முகாமை மூடினால் ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள். ஒரே நேரத்தில் 40 பேருக்குத்தான் இடம், முந்திப் பதிவு செய்யுங்கள். குடிநீர் சொட்டுக்கூடக் கிடைக்காது. கேன் கேனாகச் சுமக்கத்தான் வேண்டும்.

கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். டார்ச்சை அணைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். ஆமை பின்துடுப்புகளால் குழி பறித்து, முட்டையிடத் தொடங்கிய பிறகு பின்பக்கமாக மட்டும் நெருங்கலாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

நள்ளிரவில் குழந்தை அழுவதுபோல் கேட்டால் பதறாதீர்கள், வளைக்குள் கூடுகட்டும் கடற்பறவைகள்தான். மரக்கிளைகளிலும் பறவைகள் உண்டு; எச்சம் விழும், கூடாரத்துக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.