சின்னம்மைத் தடுப்பூசி: பரிந்துரை மாறியதன் விளைவைக் கணக்கிடுவது எப்படி?

தடுப்பூசிப் பரிந்துரை மாறியதால் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் விகிதம் கூடியதா குறைந்ததா என்று அறிய விரும்புவோர், அந்தப் புள்ளிவிவரம் எந்த வயதினரையும் எத்தனையாவது தவணையையும் பற்றியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் மற்ற கணக்குகள் எல்லாம் பிழையாகிவிடும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே 1995இல் உரிமம் பெற்ற சின்னம்மைத் தடுப்பூசி, குழந்தைகளுக்கு ஒரே தவணையாகவே போடப்பட்டு வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஊசி போட்டிருந்த பள்ளிகளிலும் நோய் பரவியதால், 2006 ஜூனில், தடுப்பூசிகளைப் பரிந்துரைக்கும் அந்நாட்டு ஆலோசனைக் குழு 4 முதல் 6 வயதுக்குள் இரண்டாம் தவணையையும் பரிந்துரைத்தது. 2001இல் பிறந்து, 15ஆம் மாதத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டையை நினைத்துப் பாருங்கள். 2006 மே மாதத்தில் அந்த அட்டை முழுமையானது; அடுத்த மாதமே அதில் ஒரு கட்டம் காலி. பெற்றோர் எதையும் தவறவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது. ஆகவே பழைய ஒரு தவணை விகிதத்தையும் புதிய இரு தவணை விகிதத்தையும் ஒரே கோட்டில் வரைந்து, மக்கள் ஊசியைக் கைவிட்டார்கள் என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

அடுத்து, பள்ளியில் சேர எந்தத் தடுப்பூசிகள் கட்டாயம் என்று கூறும் விதிகளைத் தேடிப் பாருங்கள். என் கணிப்பில், பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு இவற்றுக்கே உண்டு. இரு தவணைகளைக் கட்டாயமாக்கிய மாநிலங்கள் 2007இல் நான்கு, 2012இல் 36. தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட ஆறு பகுதிகளில், இரு தவணை பெற்ற ஏழு வயதுப் பிள்ளைகள் 2006இல் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தனர். 2012இல் ஏறத்தாழ எண்பது சதவீதத்தையோ அதற்கு மேலேயோ எட்டினர்.

கையிருப்பையும் விசாரியுங்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றோடு சின்னம்மையையும் சேர்த்த கூட்டு ஊசிக்கு அளித்த முன்னுரிமையை, காய்ச்சல் வலிப்பு சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதால், குழு 2008இல் விலக்கிக்கொண்டது. ஆனால் அந்த ஊசிக்கு 2007இலேயே தட்டுப்பாடு வந்துவிட்டது. அதன் பயன்பாடு சரிந்ததற்குப் பரிந்துரையை மட்டும் காரணமாக்க முடியாது. மேலும், கூட்டு ஊசி குறைந்த இடத்தில் தனி ஊசி கூடியிருக்கலாம் என்பதால், இரண்டையும் கூட்டிய பிறகே சின்னம்மைப் பாதுகாப்பு குறைந்ததா என்று முடிவு செய்யுங்கள்.