பேலியோ ஆரம்பிக்கிறீங்களா? எந்த எண்ணெய்ல சமைக்கிறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பேலியோங்கிற உணவுமுறையில அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எல்லாத்தையும் நிறுத்திட்டு முட்டை, கறி, மீன், காய்னு மாறிடுறோம், அப்போ உடம்புக்கு வேண்டிய சக்தியில பெரும்பங்கு கொழுப்புலேருந்துதான் வரும். அதனால எண்ணெய் விஷயம் இங்க ரொம்ப முக்கியம். ஆனா புதுசா வர்றவங்க நிறைய பேர் நல்ல நாட்டுக்கோழியா தேடி வாங்கிட்டு வந்து, வீட்ல இருக்கிற ரீஃபைண்ட் ஆயில்லயே வறுத்துடுறாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லிப்பிட் ப்ரொஃபைல் டெஸ்ட் (ரத்தத்துல இருக்கிற கொழுப்பைப் பாக்குற டெஸ்ட்) எடுத்து வச்சுக்கங்க. சுகர், பிபி மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இதுல இறங்கவே வேண்டாம்.

1. அடுப்படியை ஒதுங்க வைங்க

சன்ஃப்ளவர், சோயா, ரைஸ் பிரான், பாமாயில், டால்டா, இதெல்லாம் வெளிய. சன்ஃப்ளவர் ஆயில்ல பாதிக்கு மேல ஒமேகா 6 கொழுப்புதான், தேங்காய் எண்ணெய்ல அது ரொம்ப சொற்பம், ஒமேகா 6 குறைவா இருக்கணும்ங்கிறதுதான் பேலியோக்காரங்க பாக்குற கணக்கு. கடலை எண்ணெய்? செக்குல ஆட்டினதா இருந்தாலும் வேண்டாம், வேர்க்கடலை பருப்பு வகையில சேர்ந்தது. நல்லெண்ணெய்லயும் ஒமேகா 6 சுமார் 40 சதவீதம் இருக்கு, அதனால தினமும் ஊத்தாம எப்பவாவது வாசனைக்கு ஒரு ஸ்பூன் போதும். செக்குல எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவாங்களே, அந்த இனிப்பு சேருமான்னு பயப்படாதீங்க, சர்க்கரை எண்ணெய்ல கரையாது, பெரும்பாலும் புண்ணாக்கோட போயிடும்.

2. ரெண்டே ரெண்டு வாங்குங்க

நெய்யும் செக்கு தேங்காய் எண்ணெயும் இருந்தா ஆரம்பத்துக்கு தாராளம். அவகாடோ ஆயில் அது இதுன்னு காசை கொட்ட வேண்டாம். தேங்காய் எண்ணெய் வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்க, சிக்கு வாடை லேசா அடிச்சாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

3. நெய்யை வீட்லயே காய்ச்சுங்க

உப்பு போடாத வெண்ணெய் அரை கிலோ, அடிகனமான பாத்திரம், சின்ன தீ. வெண்ணெய்ல 80 சதவீதம்தான் கொழுப்பு, மிச்சத்துல பெரும்பாலும் தண்ணி, கொஞ்சம் பால் பொருள், அதனால கிட்டத்தட்ட 400 கிராம் நெய் கிடைக்கும். முதல்ல நுரை கட்டும், அப்புறம் சடசடன்னு சத்தம் வரும், அது தண்ணி போற சத்தம். சத்தம் அடங்க ஆரம்பிச்சதும் பக்கத்துலயே நில்லுங்க, அடியில வெள்ளையா படிஞ்சது பொன்னிறமா மாறி வாசனை தூக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையை போட்டு உடனே அடுப்பை அணைச்சிடுங்க, இதுல அரை நிமிஷம் விட்டாலும் அடி கருகி கசந்துடும். கொஞ்சம் ஆறினதும் வடிகட்டி ஈரமில்லாத பாட்டில்ல ஊத்துங்க. பால் ஒத்துக்காத பலருக்கு நெய் ஒத்துக்கும், ஆனா பால் அலர்ஜியே இருக்கிறவங்க நெய்யும் தொட வேண்டாம்.

4. சூட்டுக்கு ஏத்தது

நெய் கிட்டத்தட்ட 250 டிகிரி வரைக்கும் புகையாம தாங்கும், அதனால கறி வறுவல், மட்டன் சுக்காவுக்கு நெய். செக்கு தேங்காய் எண்ணெய் 175 டிகிரி பக்கத்துலயே புகைய ஆரம்பிச்சிடும், மிதமான தீயில மீன், பொரியல், அவியலுக்கு அருமை. வெண்ணெய் முட்டைக்கு, அதுவும் சிம்ல வச்சு. ஆலிவ் ஆயில் இருந்தா சாலட் மேல ஊத்திக்கங்க.

தாளிக்கும்போது பழக்கத்துல கை தானா உளுத்தம்பருப்பு போட்டுடும், கடுகு, சீரகம், கறிவேப்பிலையோட நிறுத்திக்கங்க. கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், கட்டிப் பெருங்காயத்துலயும் அப்படித்தான், டப்பா பின்னாடி படிச்சுப் பாருங்க.

கறிக்கடையில கேட்டா ஆட்டுக்கொழுப்பு தருவாங்க, சின்னச் சின்னதா நறுக்கி சிம்ல உருக்கி வடிகட்டினா அதுவும் வறுக்க நல்லா இருக்கும். அந்த வாடை பிடிக்காதவங்க விட்டுடுங்க, கட்டாயமே இல்ல.

5. அளவு

நல்ல கொழுப்புன்னு சொல்லிட்டு டம்ளர்ல ஊத்தக் கூடாது. எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு டேபிள்ஸ்பூன் கிட்டத்தட்ட 120 கலோரி, கறியிலயும் முட்டையிலயும் இருக்கிற கொழுப்பு வேற தனி.

இன்னொண்ணு, நெய்லயும் தேங்காய் எண்ணெய்லயும் சாச்சுரேட்டட் கொழுப்பு அதிகம், உலக சுகாதார நிறுவனம் அதை மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ள வைக்கச் சொல்லுது. அதனால மூணு மாசம் கழிச்சு அதே லேப்ல திரும்ப டெஸ்ட் எடுங்க. கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் நல்லா ஏறியிருந்தா ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க, நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் குறைச்சுட்டு ஆலிவ் ஆயில், மத்தி, பாதாம்னு மாத்திக்கிட்டாலும் அது பேலியோதான்.