பயிர்ச் சுழற்சிக்கான நீண்டகாலச் சோதனை வயலை அமைப்பது எப்படி?

பயிர்ச் சுழற்சி மண்வளத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஓரிரு பருவங்களில் அறிய முடியாது. மண்ணின் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய தாவர, உயிரினப் பொருள்களில் உள்ள கரிமம், அத்தனை மெதுவாகவே மாறும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய கோதுமை வயலும், கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையும் இன்றும் பேசப்படுவது இதனால்தான்.

பருத்தி, மக்காச்சோளம், உளுந்து என்ற மூன்றாண்டுச் சுழற்சியைச் சோதிப்பதானால், மூன்று பயிர்களும் ஒவ்வோர் ஆண்டும் வயலில் நிற்கும்படி பாத்திகளைப் பிரிக்க வேண்டும். இல்லையேல் மழை பொய்த்த ஆண்டின் பழியைப் பயிரின் தலையில் சுமத்திவிடுவோம். ஒரே பயிரைத் தொடர்ந்து சாகுபடி செய்யும் பாத்தியும் உரமே இடாத பாத்தியும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் தேவை. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு பாத்திகளில், சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கி அமைக்கவும்.

மண் மாதிரியை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், உரமிடுவதற்கு முன்பு எடுக்கவும். சருகை விலக்கி, வி வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கத்தை மேலிருந்து கீழாகச் சீவி, பாத்தியின் பல இடத்து மண்ணையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கியபடியே அரை கிலோவாகக் குறைக்கவும். நிழலில் உலர்த்தியதில் ஒரு பகுதியைப் புட்டியில் அடைத்துச் சேமிக்கவும். நாளையும் பாத்தி எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.