பிரெஞ்சில் ஏவல் வினை அமைக்கும் முறை

பிரெஞ்சில் ஏவலுக்கு மூன்றே வடிவங்கள்: நீ (து), நாம் (நூ), நீங்கள் (வூ). வினையை நிகழ்காலத்தில் எழுதி எழுவாயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. 'வூ பார்லே' என்றால் பேசுகிறீர்கள். வெறும் 'பார்லே' என்றால் பேசுங்கள். 'பார்லோன்' என்றால் பேசுவோம்.

சிக்கல் 'து' வடிவத்தில்தான். மூல வடிவம் (அகராதியில் காணும், திரியாத வடிவம்) இஆர் (er) என்று முடியும் வினைகளில், நிகழ்காலத்தின் கடைசி எஸ் எழுத்து ஏவலில் விழுந்துவிடும். அது எப்படியும் ஒலிப்பதில்லை, இரண்டும் 'பார்ல்' என்றே கேட்கும். அதனால் பேச்சில் தெரியாத பிழை எழுதும்போது மாட்டிக்கொள்ளும். 'அலே' வினைக்கும் இதே விதி; அதன் ஏவல் 'வா' (பிரெஞ்சில் அதற்குப் 'போ' என்று பொருள்!). 'உவ்ரீர்' (திற) ஐஆர் (ir) என்று முடிந்தாலும் இஆர் வினை போலத் திரிவதால் அதிலும் எஸ் கிடையாது. 'ஃபினி' (முடி), 'ப்ரான்' (எடு) போன்ற மற்றவற்றில் எஸ் நிற்கும்.

விழுந்த எஸ் ஓரிடத்தில் திரும்பும்: 'இ' (அங்கே), 'ஆன்' (அதில், அதிலிருந்து) என்ற பிரதிப்பெயர்கள் வினையோடு ஒட்டும்போது. இரண்டு உயிரொலிகள் மோதாமலிருக்க 'வாஸ்-இ' (அங்கே போ) என்றாகிறது; எஸ் இங்கே இசட் போல ஒலிக்கும்.

நான்கு வினைகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. இரு: ஸ்வா, ஸ்வாயோன், ஸ்வாயே. கொண்டிரு: ஏ, ஏயோன், ஏயே. அறி: ஸாஷ், ஸாஷோன், ஸாஷே. 'ஏ', 'ஸாஷ்' இரண்டிலும் எஸ் இல்லை. பலர் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். நான்காவதான 'வூல்வார்' (விரும்பு) வினையில் 'வெயே' தெரிந்தால் போதும். அதன்பின் மூல வடிவத்தைச் சேர்த்தால் பணிவான வேண்டுகோள்: 'வெயே பாஸ்யான்தே', தயவுசெய்து காத்திருங்கள்.

உண்மையில் தடுமாற வைப்பது பிரதிப்பெயரின் இடம். உடன்பாட்டில் அது வினைக்குப் பின்னே, இணைப்புக்கோட்டுடன் வரும். 'ம' (என்னை, எனக்கு) 'ம்வா' ஆகும், 'த' (உன்னை, உனக்கு) 'த்வா' ஆகும். எனக்குக் கொடு: 'தொன்-ம்வா'. இரண்டு வந்தால் பொருள் முதலில், பெறுபவர் பிறகு: 'தொன்-ல-ம்வா', அதை எனக்குக் கொடு. இரண்டு கோடுகளும் கட்டாயம். எதிர்மறையில் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும்: 'ந ம ல தொன் பா'. 'ம்வா' மறுபடி 'ம', கோடுகள் இல்லை, வரிசையும் மாறிவிட்டது. தற்சுட்டு வினைகளும் (செய்பவரையே சுட்டும் பிரதிப்பெயருடன் வருபவை) இப்படித்தான்: 'லெவ்-த்வா' (எழுந்திரு), 'ந த லெவ் பா' (எழுந்திருக்காதே). பேச்சில் 'ந' அடிக்கடி காணாமல் போகும், எழுத்தில் விடக்கூடாது.

'து' ஏவலுடன் 'ஸில் வூ ப்ளே' (தயவுசெய்து என்பதன் 'வூ' வடிவம்) சேர்க்காதீர்கள். தமிழில் 'வா, தயவுசெய்யுங்கள்' என்பது போலிருக்கும். அங்கே 'ஸில் த ப்ளே'தான் பொருந்தும். சமையல் குறிப்பு, அறிவிப்புப் பலகை போன்ற, யாரென்று குறிப்பிடாத இடங்களில் பல நேரம் ஏவலே வராது; மூல வடிவமே நிற்கும்: 'ந பா ஃப்யூமே', புகைபிடிக்கக் கூடாது. எதிர்மறையின் 'ந', 'பா' இரண்டும் இங்கே வினைக்கு முன்பே சேர்ந்து வருவதைக் கவனியுங்கள்.