கொழும்பின் பழைய வீட்டைப் புதுப்பிக்க: கூரையில் தொடங்குங்கள், நிறம் கடைசியில்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடுகள் பலவும் ஏறக்குறைய ஒரே பொருட்களால் கட்டப்பட்டவை. கபுக் கல் (செம்புரைக் கல்) அல்லது செங்கல், சுண்ணாம்புச் சாந்து, கல்லிக்கோட்டை ஓடு, சிவப்புச் சீமெந்துத் தரை, தேக்குக் கதவு. வீட்டில் கலியாணம் என்றாலோ வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றாலோ முதலில் வாங்கப்படுவது பெயின்ற் வாளிதான். அடுத்த மழைக்குள் அந்தப் பெயின்ற் சுவரின் அடிப்பக்கத்தில் கொப்பளித்து உதிரத் தொடங்கும். குறை பெயின்றில் இல்லை. சுவருக்குள் இருந்த தண்ணீர் வெளியேற வழி தேடியிருக்கிறது.

அதனால் வேலையின் ஒழுங்கை மாற்றாதீர்கள்: கூரை, பீலி, சுவர் ஈரம், வயரிங், சாந்து, பெயின்ற், தரை, பிறகு அலங்காரம். காலமும் முக்கியம். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் சனவரி முதல் மார்ச் வரை. ஒக்டோபர், நவம்பர் பெருமழையில் ஒழுக்குகளைக் கண்டுபிடித்து, டிசம்பர் கடைசியில் கூரையைத் திருத்தி, சுவரை உலரவிட்டு, பெப்ரவரி, மார்ச்சில் பெயின்ற் அடிப்பதே சரியான கணக்கு. சித்திரைப் புதுவருடத்துக்கும் வீடு தயாராகிவிடும்.

அறைகளைப் பெரிதாக்க உட்சுவரை இடிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவர்தான் கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. கொங்கிறீற் தூண் இருக்காது. பொறியியலாளர் வந்து பார்க்க வேண்டும், மாநகர சபை அனுமதியும் வேண்டும். மேசன் பாஸ் "பிரச்சினை இல்லை" என்று சொல்வது போதாது.

கூரையும் பீலியும்

நல்ல மழை பெய்யும்போது ரோர்ச் லைட்டோடு சீலிங்குக்கு மேலே பாருங்கள். சீலிங் பலகையில் மிதிக்காமல் தீராந்தியில் மட்டும் கால் வையுங்கள். தண்ணீர் வரும் இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது கைமரத்தின் வழியே பல அடி ஓடி வந்து சொட்டும். ஈரக்கோட்டைப் பின்தொடர்ந்து தொடங்குமிடத்தைச் சோக்கால் குறியுங்கள்.

ஓடு வாங்கப் போகும்போது கழற்றிய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கல்லிக்கோட்டை ஓடுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றோடொன்று கொளுவும் விளிம்பு தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். பொருந்தாத ஓட்டைச் செருகினால் அதுவே புதிய ஒழுக்கு. வெடித்த ஓட்டில் சீமெந்து பூசுவதும் பயனில்லை. வெயிலில் விரிந்து சுருங்கும்போது பூச்சு விட்டுப்போகும். பாசியைத் தும்புத் தூரிகையால் தேய்த்தெடுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்தால் ஓட்டின் மேற்பரப்பு அரிபடுவதோடு, தண்ணீரும் ஓட்டின் கீழே புகுந்துவிடும்.

பீலிக்கு 10 அடிக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் பீலியைப் பிடித்திருக்கும் தாங்கிகளை ஏற்றி இறக்கித் திருத்துங்கள். தேங்கிய பீலி சுவரை நனைப்பதோடு டெங்கு நுளம்பையும் வளர்க்கும். இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்தில் உள்ள தகரப் பீலிதான் கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது. அதற்கு ஒட்டுப்போடுவதில் பலனில்லை, முழு நீளத்தையும் மாற்றுங்கள்.

பின்பக்கக் குசினிக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருந்தால் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, கிரைண்டரால் வெட்டவோ கூடாது. அந்தத் தூசியை மூச்சில் எடுப்பது நுரையீரலுக்குக் கேடு. கழற்ற வேண்டியிருந்தால் தண்ணீரால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுச் சீற்றாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

சுவரில் ஈரம் தெரிகிற இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் அலுமினியத் தாளை வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துக் கழற்றுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. அதற்கு மருந்து காற்றோட்டம்.

சுவருக்குள் இருந்தால் மூன்று இடங்களைச் சந்தேகிக்கலாம். முதலாவது, குழாய். வீட்டின் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரைப் பாருங்கள். சிறு சக்கரம் சுற்றினால் எங்கோ கசிகிறது. இரண்டாவது, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுவது. மூன்றாவது பலருக்குப் படாதது: வெளித்தரை உயர்ந்திருப்பது. ஒழுங்கைக்குக் காபற் போடப் போட வீதி உயரும், முற்றத்திலும் சீமெந்து மேல் சீமெந்து போட்டிருப்பார்கள்; வீடு மட்டும் பழைய மட்டத்திலேயே நிற்கும். வெளித்தரை உட்தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரோரமாக ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பிவிசி குழாயைக் கானை நோக்கிச் சரிவாக வைத்து, முக்கால் அங்குலக் கல்லால் நிரப்புங்கள். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

ஈரத்தை மறைக்க 4 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதும், நீர்புகாப் பெயின்ற் அடிப்பதும் கொழும்பில் அதிகம் காணும் பிழை. தண்ணீர் நின்றுவிடாது. வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறி 5ஆம், 6ஆம் அடியில் உப்புப் பூக்கும்.

பழைய சாந்துக்குப் புதிய ஒட்டு

விரல் மொழியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் சாந்து சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தையும், ஈரக்கோட்டுக்கு மேலே ஓர் அடிவரையும் உடைத்தெடுங்கள். வெளியே பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டியெடுத்து வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும்.

கலவையில்தான் பாஸ்மாரோடு வாக்குவாதம் வரும். "பலமாக" இருக்கட்டும் என்று 1 சீமெந்துக்கு 3 மணல் போட நினைப்பார்கள். மென்மையான கபுக் கல்லின் மேல் இறுகிய சீமெந்து ஒட்டாது. சுவரும் பூச்சும் வெவ்வேறு அளவில் அசையும், ஈரமும் இடையில் சிக்கும், கடைசியில் பூச்சு பாளமாக விழும். 1 பங்கு சீமெந்து, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 6 பங்கு ஆற்றுமணல் என்பது போதும். சீமெந்தே இல்லாமல் 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்பது இன்னும் நல்லது, ஆனால் இறுக நாட்கள் எடுக்கும். கழுவாத கடல்மணல் வேண்டாம். அதோடு உப்பையும் சுவரில் பூசுகிறீர்கள். சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு படை; அது இறுகும்போது கீறிவிட்டு, மறுநாள் இரண்டாம் படை. ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள்.

நனைந்த சுவர் உலர அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பழைய கணக்கு. 9 அங்குலச் சுவருக்கு அவ்வளவு காலம் யாரும் காத்திருப்பதில்லை. அதனால் சுவரின் கீழ் 3 அடிக்கு மட்டும், ஈரத்தை வெளியேறவிடும் சுண்ணாம்புப் பூச்சை அடித்து, மேலே அதே சாயலில் எமல்ஷன் அடியுங்கள். சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்தால் பழைய வீட்டுக்கு அது அழகாகவே இருக்கும்.

வயரிங்

சாந்துக்கும் பெயின்றுக்கும் முன் இது முடிய வேண்டும். கறுப்பு இறப்பர் உறையிட்ட வயர், பீங்கான் ஃபியூஸ், உருண்டைப் பின் பிளக் இருந்தால் முழுவதையும் மாற்றுவதே சரி. அந்த இறப்பர் தொட்டாலே பொடியாகும். வயரின் பருமன் லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, சுடுநீர் ஹீற்றருக்கு அதன் வலுவைப் பொறுத்து 4 அல்லது 6. பிளக் எல்லாம் 13 ஆம்பியர் சதுரப் பின். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், அதன் ரெஸ்ற் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள். ஏசிக்குத் தனி இணைப்பு. பல பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். புதிய எர்த் கம்பி அடித்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கபுக் சுவரில் வயர் புதைக்கக் குறுக்காகக் காடி வெட்டக் கூடாது, சுவர் பலமிழக்கும். நேர்மேலிருந்து கீழே வெட்டுங்கள். அல்லது வெளிப்படையாகக் குழாய் ஓட்டுங்கள். நேர்த்தியாக ஓட்டினால் கண்ணை உறுத்தாது.

பெயின்ற்

முதலில் ஓர் எச்சரிக்கை. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முன் கதவு, யன்னலில் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உரஞ்ச வேண்டாம். தண்ணீர் தொட்டு ஈரச் சாண்ட்பேப்பரால் உரஞ்சுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள், சிறுபிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

அளவைக் கணக்கிடுவது எளிது. 12 அடிக்கு 14 அடி அறை, உயரம் 11 அடி என்றால் சுற்றளவு 52 அடி. சுவர்ப்பரப்பு 572 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு யன்னலுக்கும் ஏறக்குறைய 65 கழித்தால் 507. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 110 சதுர அடி பிடிக்கும். இரண்டு பூச்சுக்கு 9 லீற்றருக்குச் சற்று மேல். 10 லீற்றர் வாளி ஒன்று. அடிப்பூச்சுக்கு 5 லீற்றர். புதிய ஒட்டுப் போட்ட சுவர் கூடுதலாக உறிஞ்சும்.

புதிய சாந்து 28 நாளாவது இறுக வேண்டும். பூஞ்சணம் இருந்தால் 1 பங்கு ப்ளீச்சுக்கு 3 பங்கு தண்ணீர் கலந்து தடவி, 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

சாமி அறையும் குசினியும் தனிக் கவனம் கேட்பவை. கற்பூரப் புகை, விளக்கு எரிக்கும் எண்ணெய், தாளிப்பு எல்லாம் வருடக்கணக்கில் படிந்த சுவரில் நேரே எமல்ஷன் அடித்தால் மஞ்சள் கறை ஊறி மேலே வரும். எத்தனை பூச்சு அடித்தாலும் வரும். சலவைச் சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, உலர்ந்தபின் எண்ணெய் சார்ந்த கறைதடுப்பு அடிப்பூச்சு ஒன்றை அடியுங்கள். பிறகுதான் நிறம்.

பளபளப்பான பெயின்றைக் கடையில் பரிந்துரைப்பார்கள், கழுவ எளிது என்று. கையால் பூசிய சுண்ணாம்புச் சுவரின் மேடுபள்ளம் முழுவதையும் அது காட்டிக்கொடுக்கும். வரவேற்பறைக்கும் படுக்கையறைகளுக்கும் மங்கல் வகைதான் பொருந்தும். நிறத்தை அட்டையில் பார்த்து முடிவெடுக்காமல், 2 அடிச் சதுரமாகச் சுவரில் அடித்துக் காலையிலும், மாலையிலும், லைட் வெளிச்சத்திலும் பாருங்கள். ஆழமான விறாந்தை உள்ள வீடுகளில் உள்ளறைக்கு வெயில் வராது. சாம்பல் சாயல் அங்கே அழுக்காகத் தெரியும், சந்தனச் சாயலோ வெண்ணெய்ச் சாயலோ எடுக்கும். பல்ப் மஞ்சள் சாயலில், 3000 கெல்வின் அளவில் இருக்கட்டும். நீலவெள்ளை லைட் தேக்கு மரத்தைச் சாகடிக்கும்.

சிவப்புத் தரை

இதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கலாம். மட்டம் ஓர் அங்குலம் உயர்ந்து கதவுகளையெல்லாம் வெட்ட வேண்டிவரும். தரையின் ஈரமும் வெளிவர இடமின்றிச் சுவருக்கு ஏறும். ஃபுளோர் பெயின்றும் பழைய மெழுகின் மேல் ஒட்டாமல் தோலுரியும்.

டேர்ப்பன்ரைன் தொட்டு, தும்புத் தூரிகையால் பழைய மெழுகைச் சிறு சிறு பகுதியாகக் கரைத்துத் துணியால் துடைத்தெடுங்கள். யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், நெருப்பு வேண்டாம். வெடிப்பை உளியால் சற்று அகலமாக்கித் தூசி எடுத்து, நனைத்து, சீமெந்தும் சிவப்பு ஒக்சைட்டும் கலந்து நிரப்புங்கள். ஒக்சைட் சீமெந்தின் எடையில் பத்திலொன்றைத் தாண்டினால் கலவை பலவீனமாகும். காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால், முதலில் ஓட்டுத்துண்டு ஒன்றில் பூசிக் காயவைத்து ஒப்பிடுங்கள். ஒட்டின் மேல் ஒரு வாரம் ஈரச்சாக்கு. பிறகு சிவப்பு பொலிஷை மிக மெல்லியதாகத் தடவி, பொச்சுமட்டையால் தேய்த்து மினுக்குங்கள். தடிப்பாகப் பூசினால் மழைக்காலத்தில் ஒட்டும், காலடியெல்லாம் பதியும், வயதானவர்கள் வழுக்கி விழவும் கூடும்.

கதவு, யன்னல்

மழைக்காலத்தில் இறுகும் யன்னலை மழைக்காலத்தில் சீவாதீர்கள். மாசியில் அது ஆடும். நிலையின் அடியை ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கறையான் அல்லது உக்கல். முழு நிலையையும் கழற்ற வேண்டியதில்லை, கெட்ட பகுதியை வெட்டி நல்ல மரம் இணைக்கத் தெரிந்த தச்சர் மொறட்டுவையில் கிடைப்பார். பெயின்றை எடுக்கக் கோஸ்ரிக் சோடாத் தொட்டியில் கதவை அமிழ்த்தக் கொடுக்காதீர்கள், தேக்கு கறுத்துப் பொருத்துகளும் விடும். கடலோரத்தில் பித்தளைப் பிணைச்சலுக்குப் பித்தளை ஸ்க்ரூவே போடுங்கள். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறை இறங்கும். பிணைச்சல், பூட்டு போன்றவற்றைப் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் பழையதைக் காட்டிப் பொருத்தம் பார்த்து வாங்கலாம்.

கதவுக்கு மேலுள்ள மரச் சாளரத்தைக் கண்ணாடியால் அடைக்கும் வழக்கம் ஏசியோடு வந்தது. ஏசி உள்ள அறையில் மட்டும் அடையுங்கள். மற்ற அறைகளில் உட்பக்கமாக நுளம்பு வலை போதும். உயரத்தில் சேரும் சூடு அந்த வழியால்தான் வெளியேறுகிறது.

படங்களை மாட்ட, சுண்ணாம்புச் சாந்தில் ஆணி அறையாதீர்கள், கைப்பிடி சாந்து கொட்டும். 6 மி.மீ. பிற்றால் சுத்தியல் அடிப்பு இல்லாமல் மெதுவாகத் துளைத்து, சாந்தைத் தாண்டிக் கல்லுக்குள் ஒன்றரை அங்குலம் போகும்படி ஸ்க்ரூவுக்கான பிளாஸ்ரிக் பிளக் போடுங்கள். தாத்தா பாட்டியின் பழைய படங்களை வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவருக்குக் கொண்டுவாருங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கால் அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று புகும், படம் சுவரின் ஈரத்தை வாங்காது.