எருமைநாக்கு மீனை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைப்படகுகள் கரைசேரும் நேரத்தில் நாகப்பட்டினம் மீன் இறங்குதளத்துக்குத் தட்டைமீன் பொறுக்க ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் படித்த காலத்துத் தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். சீட்டு எழுத மறப்பதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கண் இருக்கும் பக்கத்தைப் பார்த்து மீனை ஒதுக்குவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். குஞ்சாக இருக்கையில் தட்டைமீனுக்கும் தலையின் இருபுறமும் ஒவ்வொரு கண் இருக்கிறது. வளரும்போது ஒன்று உச்சந்தலைப் பக்கமாக நகர்ந்து மற்றதன் அருகே வருகிறது. கண்ணில்லாத வெள்ளைப் பக்கத்தைத் தரையில் வைத்து மீன் படுத்துக்கொள்கிறது. தட்டைமீன்களில் ஒரு வகையான நாக்குமீன்களுக்குக் கண்கள் இடப்பக்கம். அதை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு தட்டைமீனான எருமைநாக்கிலும் அதையே தேடுகிறார்கள். எருமைநாக்கில் இடக்கண் மீனும் உண்டு, வலக்கண் மீனும் உண்டு. இரண்டுமே இயல்பானவை.

ஒரு மாணவர் ஏலத்தில் காசு கொடுத்து எடுத்த கூடையிலிருந்து வலக்கண் மீன்களையெல்லாம் பிறவிக் குறை என்று பிரித்து, அளக்காமலே வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். சினைப்பருவக் கணக்குக்கான மீன்கள் அவை. அந்த மாதத்து அளவுகள் மொத்தமும் வீணாயின. அதே மாதம் திரும்ப வர ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதுகுத் துடுப்பின் தொடக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மற்றத் தட்டைமீன்களில் அது கண்ணுக்கு மேலேயோ அதற்கும் முன்னாலோ தொடங்கிவிடும். எருமைநாக்கில் கண்ணைத் தாண்டி நன்றாகப் பின்தள்ளியே தொடங்கும். முன்கதிர்கள் முள்ளாகக் குத்தும். மேல்கண் முழுவதும் இறங்காமல் தலையின் விளிம்பிலேயே நின்றிருக்கும். 1801-இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே தரங்கம்பாடி மீனை வைத்துத்தான். நம் கரைக்கு இவ்வளவு பழகிய மீனை நம் மாணவர்களே குறையுள்ளது என்று ஒதுக்கலாமா?

நிறத்தை நம்புவது

கூடாது. ஐஸில் கிடந்த மீனின் நிறம் எதையும் சொல்லாது.

வெள்ளைப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது

நாக்குமீன்களில் சில இனங்களுக்கு இருபக்கமும் பக்கக்கோடு, அதாவது உடலின் நீளவாட்டில் செல்லும் உணர்வுக் கோடு, ஓடும். சிலவற்றுக்குக் கண்ணுள்ள பக்கம் மட்டும். மேல்பக்கத்தை மட்டும் படம் எடுத்தால் பாதிச் சான்று போய்விடும்.

புழுத் தின்னி என்று எழுதிவிடுவது

மண்ணில் படுத்துக் கிடக்கும் மீன் என்பதால் இந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எருமைநாக்கின் அகன்ற வாயைத் திறந்து பற்களைப் பாருங்கள். அது பிற மீன்களைப் பிடித்துத் தின்னும் மீன். இரைப்பையை அறுத்துப் பார்க்கும்வரை உணவுக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.